ஹைட்ரா வளர்ப்பு: வெட்டுவதற்கு முன் ஊட்டிப் பாருங்கள்

ஜெல்லிமீனை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் மூலையே இல்லாத வட்டத் தொட்டி வேண்டும். உள்ளே நீர் ஓயாமல் மெதுவாகச் சுழல வேண்டும். பவளத்துக்கு உப்பு அளவு, கால்சியம், விளக்கு என்று வேறு பாடு. கடல் சாமந்தி கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் கடல்நீர் இல்லாமல் ஆகாது. இவையெல்லாம் சேர்ந்த நிடேரியா என்ற பெருங்கூட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே கடலில்தான். நன்னீருக்கு வந்து சேர்ந்த சிலவற்றில் ஹைட்ராவும் ஒன்று. ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு டிராப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். மைக்ரோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது.

பாடப்புத்தகத்தில் ஹைட்ரா என்றால் இரண்டு படம்தான்: பக்கவாட்டில் மொட்டு விட்டு நிற்பது ஒன்று, வெட்டிய துண்டுகள் முழு உடலாவது இன்னொன்று. அதனால் ஹைட்ரா கையில் கிடைத்த உடனே எல்லோரும் பிளேடைத் தேடுகிறார்கள். நானும் வெட்டினேன், அதையும் சொல்கிறேன். ஆனால் இது ஜெல்லிமீனுக்கு உறவு என்பதை வெட்டு காட்டாது. தட்டைப்புழுவை வெட்டினாலும்தான் முளைக்கிறது. உறவைக் காட்டுவது அது சாப்பிடும் நேரம். ஆகவே இந்தப் பதிவில் தீனி பற்றித்தான் அதிகம் இருக்கும்.

தேடிப் பிடிப்பது

ஹைட்ராவைக் குளத்தில் நேரடியாகத் தேடிப் பயனில்லை. நீட்டி நின்றால் ஒரு சென்டிமீட்டர் வரை வரும் உடல், தொட்டவுடன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பழுப்பு உருண்டையாகச் சுருங்கிவிடும். வலையில் அள்ளிய செடியில் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: தெளிந்த, அதிகம் ஓடாத நீரிலிருந்து நீர்ச்செடிகள், மிதக்கும் இலைகளின் வேர், ஊறிய குச்சி ஆகியவற்றை அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கண்ணாடி ஜாடியில் எடுத்து வந்து, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்துவிட்டு, ஆட்டாமல் விட்டுவிட வேண்டும். ஓர் இரவு கழிந்தபின் ஜாடியின் கண்ணாடியைப் பக்கவாட்டிலிருந்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். மெல்லிய தண்டு, அதன் நுனியில் நூல் நூலாக ஐந்தாறு உணர்நீட்சிகள் தொங்கினால் அதுதான். பெரும்பாலும் வெளிச்சம் வரும் பக்கத்தில்தான் இருக்கும்.

1740இல் ஹேக் நகருக்கு அருகே ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஆபிரகாம் டிரம்ப்ளே இதே முறையில்தான் இவற்றைக் கண்டார். ஜன்னலில் இருந்த ஜாடியைத் திருப்பி வைத்தார். ஹைட்ராக்கள் மறுபடி வெளிச்சப் பக்கத்துக்கு நடந்து வந்தன. பச்சையாக இருக்கிறது, கிளைவிடுகிறது, ஆனால் நகர்கிறது. இது செடியா விலங்கா? செடி என்றால் வெட்டிய இரண்டு துண்டும் பிழைக்கும் என்று அந்த நவம்பரில் வெட்டிப் பார்த்தார். இரண்டும் பிழைத்துக்கொண்டன, இரண்டும் இரை பிடித்துத் தின்னவும் செய்தன. அந்தக் காலத்து அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அவர் எழுதிய நூல் 1744இல் வெளிவந்தது.

ஜாடியைத் திருப்பும் சோதனையை நானும் செய்தேன். மறுநாள் பார்த்தபோது பெரும்பாலானவை இடம் மாறியிருந்தன. கண் இல்லை, மூளை இல்லை, உடல் முழுக்கப் பரவிய நரம்பு வலை மட்டும் உண்டு. நடக்கும் விதத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். உடலை வளைத்து உணர்நீட்சிகளால் தரையைப் பற்றும், உடலின் கீழ்நுனியான அடித்தட்டை விடுவிக்கும், தலைகீழாக நின்று ஒரு குட்டிக்கரணம் போடும். சில சமயம் அவ்வளவு சிரமம்கூட எடுப்பதில்லை. அடித்தட்டில் ஒரு வாயுக் குமிழியை உண்டாக்கிக்கொண்டு மேலே போய், நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர்

இது சலிப்பூட்டும் பகுதி, ஆனால் இதில் தவறினால் மற்றது எதுவும் இல்லை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் இருந்தால் அப்படிப் போகாது. மீன் தொட்டிக்காரர்கள் போடும் தயோசல்ஃபேட் மருந்து வேண்டும். காப்பர் குழாயில் தேங்கி வரும் நீர் கூடவே கூடாது. தாமிரத்தின் சிறு தடயமே ஹைட்ராவைக் கொன்றுவிடும். காய்ச்சி வடித்த நீரும் சரிப்படாது, கால்சியம் கொஞ்சமாவது வேண்டும். எனக்குச் சரிப்பட்டது பாட்டிலில் வரும் ஊற்று நீர். 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் உற்சாகமாக இருக்கும், அதற்கு மேல் போகப்போகச் சிக்கல். வெயில் காலத்தில் தட்டுகளை வீட்டிலேயே குளிர்ச்சியான தரையோரத்தில் வைத்தேன்.

பிடித்துவந்த ஜாடித் தண்ணீரிலேயே வளர்க்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அதில் தட்டைப்புழு, நத்தை, இன்னும் யாரெல்லாமோ குடியிருப்பார்கள். சுத்தமான தட்டுக்கு மாற்றினால்தான் நடப்பதை நம்பிப் பார்க்கலாம். மாற்றும்போது டிராப்பரின் நுனியால் அடித்தட்டை மெதுவாக நெம்பி, உறிஞ்சி, உடனே விட்டுவிட வேண்டும். டிராப்பருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

தீனி

ஹைட்ரா உயிருள்ள, அசையும் இரையைத்தான் பிடிக்கும். குளத்தில் டாஃப்னியா, சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய ஓட்டுயிர்கள். வீட்டில் மிகச் சுலபமானது ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் குஞ்சு. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்த நீரில் முட்டைகளைப் போட்டு, காற்றுக்குழாயும் வெளிச்சமும் கொடுத்து, 27 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் பொரிந்துவிடும். பொரிந்த அன்றே கொடுப்பது நல்லது. கருவுக்குள் இருந்த சத்தைக் குஞ்சு தானே தின்று தீர்த்துவிடும் என்பதால் தாமதித்தால் வெறும் ஓடுதான் மிஞ்சும். கொடுப்பதற்கு முன் மெல்லிய துணியில் வடிகட்டி நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசியே ஆக வேண்டும். உப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் ஹைட்ரா சுருங்கி உட்கார்ந்துவிடும்.

இப்போது லென்ஸைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். டிராப்பரால் ஐந்தாறு குஞ்சுகளைத் தட்டில் விட்டால் அவை துள்ளித் துள்ளி நீந்தும். ஒன்று உணர்நீட்சியில் பட்டதும் நின்றுவிடும். மாட்டிக்கொண்டு துடிப்பது போலத் தெரியாது. பட்ட இடத்திலேயே நின்றுவிடும். ஓரிரு நொடி கால் உதறும், பிறகு அசைவே இல்லை. அந்த உணர்நீட்சி சுருங்கி இரையை வாய்ப்பக்கம் இழுக்கும், மற்றவையும் வந்து சேரும். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒட்டும் பசை என்றுதான் நினைப்பார்கள். பசை இல்லை. ஜெல்லிமீன் நம் தோலில் செய்வதைத்தான் இது அந்தக் குஞ்சின் மேல் செய்தது.

உணர்நீட்சியை மைக்ரோஸ்கோப்பில் நானூறு மடங்கில் பார்த்தால் அது வழவழப்பாக இல்லை என்பது தெரியும். வரிசையாக முண்டு முண்டாக இருக்கும். ஒவ்வொரு முண்டும் கொட்டும் செல்களின் கொத்து. நடுவில் ஒன்றிரண்டு பெரிய, பேரிக்காய் வடிவ நெமட்டோசிஸ்ட், அதாவது உள்ளே நூல் சுருண்டு கிடக்கும் கொட்டும் உறை. இதற்கு ஸ்டீனோட்டீல் என்று பெயர். சுற்றிலும் சிறிய டெஸ்மோனீம்கள் பல. இன்னும் இரண்டு வகை ஐசோரைசாக்கள், ஆக மொத்தம் நான்கு வகை ஆயுதம். ஸ்டீனோட்டீல் ஓட்டைத் துளைத்து நஞ்சை இறக்கும். டெஸ்மோனீம் திருகிச் சுருண்டு இரையின் மயிர்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராவால் நமக்குக் கெடுதல் எதுவும் இல்லை. விரலால் தொட்டால் எதுவும் தெரியாது.

இவை வெடிப்பதைப் பார்க்க ஒரு பழைய ஆய்வகத் தந்திரம் உண்டு. ஸ்லைடில் ஒரு ஹைட்ராவைச் சிறு துளி நீரில் வைத்து கவர் ஸ்லிப்பால் மூடிக்கொள்ள வேண்டும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் மெத்திலீன் நீலம் கலந்த வினிகரில் ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வைத்து இழுத்தால் வினிகர் உள்ளே பரவும். அது உணர்நீட்சியை எட்டிய நொடியில் ஓரம் முழுக்க நூல்கள் பாய்ந்திருக்கும். பாய்வதைப் பார்க்க முடியாது, பாய்ந்து முடிந்ததைத்தான் பார்க்க முடியும். ஸ்டீனோட்டீலின் அடியில் மூன்று முட்கள் விரிந்து நிற்பது நீலச் சாயத்தில் தெளிவாகத் தெரிந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு விலங்கைப் பலி கொடுக்கத்தான் வேண்டும் என்பதால் தட்டில் நிறையப் பெருகிய பிறகு செய்வதே சரி.

ஏன் பார்க்க முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2006இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் படம் எடுக்கும் கேமராவில் ஹைட்ராவின் ஸ்டீனோட்டீலைப் பிடித்தார்கள். முள் வெளியே பாயும் கட்டம் 700 நானோநொடியில் முடிந்துவிட்டது. முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஐம்பது லட்சம் மடங்குக்கும் மேல். அந்த உறைக்குள் சுமார் 150 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு அழுத்தம் சேர்ந்திருக்கிறது. பாலி காமா குளூட்டமேட் என்ற பொருள் நீரை உள்ளே இழுப்பதால் வரும் அழுத்தம் அது. உறையின் சுவர் ஒருவகைக் குறுகிய கொலாஜன் புரதத்தால் பின்னப்பட்டிருப்பதால் தாங்குகிறது. உள்ளே சுருண்டு கிடக்கும் குழல், உள்பக்கமாக இழுத்துவிட்ட சட்டைக்கை வெளியே வருவதுபோல, புரண்டு வெளிவருகிறது. ஒருமுறை வெடித்தது வெடித்ததுதான், மறுபடி நிரப்ப முடியாது. உடல் தண்டில் இடைச்செல்கள் என்ற மூலச்செல்கள் பிரிந்து எட்டு, பதினாறு என்று கூட்டம் கூட்டமாகப் புதிய கொட்டும் செல்களைச் செய்து உணர்நீட்சிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த உறை வேலை செய்ய விலங்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. அழுத்தம் உறைக்குள் இருக்கிறது, விலங்கிடம் இல்லை. கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லிமீனைத் தொட்டாலும் சுடுவது இதனால்தான். வினிகர் கதை இன்னும் வினோதம். ஹைட்ராவின் உறைகளை வெடிக்க வைக்கும் அதே வினிகர், பெட்டி ஜெல்லிமீனின் இன்னும் வெடிக்காத உறைகளை வெடிக்கவிடாமல் தடுக்கிறது. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் அதை முதலுதவியாக வைத்திருப்பது அதற்காக. ஆனால் வேறு சில இனங்களில் அதுவே கேடு செய்யும். ஒரே குடும்பம் என்று நினைத்து எல்லாக் கொட்டுக்கும் ஒரே மருந்து சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கொட்டும் செல் கண்டதற்கெல்லாம் வெடிப்பதில்லை என்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். சுத்தமான கண்ணாடி நூலால் உணர்நீட்சியைத் தடவினால் ஹைட்ரா சுருங்கும், அவ்வளவுதான். தொடுதலோடு இரையின் வேதிப்பொருளும் சேர வேண்டும். வயிறு நிறைந்த ஹைட்ரா குறைவாகத்தான் கொட்டும். நன்றாகத் தின்ற ஒன்றின் மேல் ஆர்ட்டீமியா மோதிவிட்டு நீந்திப் போவதைப் பலமுறை கண்டேன். வெளிச்சமும் இதில் தலையிடுகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பிரகாசமான ஒளியில் கொட்டுவது குறைகிறது, மங்கலில் கூடுகிறது என்று காட்டியது. நம் கண்ணில் இருக்கும் ஒப்சின் வகைப் புரதம் ஹைட்ராவின் கொட்டும் செல் கொத்துகளின் நரம்பில் இருக்கிறதாம். கண் இல்லாமல் ஜன்னல் பக்கம் நடக்கிற விலங்கிடம் இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதைப் படித்த பிறகு தீனி நேரத்தில் மேசை விளக்கை அணைத்துவிடுகிறேன்.

வாய் என்பது

பிடித்த இரை வாய்க்குப் போவது வேறு ஒரு கட்டுப்பாடு. 1955இல் லூமிஸ் என்பவர் கண்டுபிடித்தது: கொட்டிய துளையிலிருந்து கசியும் குளூட்டத்தயோன் என்ற வேதிப்பொருள்தான் வாயைத் திறக்கச் சொல்லும் சைகை. இதைச் சோதிக்க ரசாயனப் புட்டி தேவையில்லை. ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை நசுக்கி, வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் இரண்டு நாள் பட்டினி கிடந்த ஹைட்ராவின் அருகில் ஒரு சொட்டு விட்டேன். இரை எதுவும் இல்லை. ஆனாலும் உணர்நீட்சிகள் வாயை நோக்கி வளைந்து நெளிய ஆரம்பித்தன, தலை உச்சி விரிந்து திறந்தது. இல்லாத சாப்பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அந்தக் காட்சிதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போதுதான் சாற்றின் வேலை புரியும்.

அந்த வாய் இன்னும் விசித்திரம். மூடியிருக்கும்போது அங்கே ஓட்டையே இல்லை. தலை உச்சியில் செல்கள் இடைவெளியில்லாமல் ஒட்டி ஒரே தோலாக இருக்கின்றன. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்தத் தோல் கிழிந்து திறக்கிறது. முடிந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2016இல் இதைச் செல் செல்லாகப் படம் பிடித்தார்கள். செல்கள் இடம் மாறுவதில்லை, நீண்டு விரிந்து கொடுக்கின்றன என்று தெரிந்தது. லென்ஸில் இவ்வளவு தெரியாது. ஆனால் தன் உடலைவிட அகலமான டாஃப்னியாவை அது விழுங்குவதைப் பார்த்தால் அந்தத் திறப்பு எவ்வளவு இழுபடும் என்பது புரியும்.

உள்ளே போனபின் ஆரஞ்சு நிறம் உதவிக்கு வருகிறது. ஒளி ஊடுருவும் உடலில் குஞ்சுகள் வரிசையாகக் கிடப்பது தெரியும், சில மணி நேரத்தில் அவை கலைந்து உடல் முழுக்க ஆரஞ்சாகும். வயிற்றுக் குழிக்குள் பாதி செரித்த துகள்களை உள் அடுக்கான அகப்படைச் செல்கள் ஒவ்வொன்றும் தானே விழுங்கி மீதியைச் செரிக்கின்றன. பின்வழி கிடையாது. சக்கையெல்லாம் வந்த வாய் வழியாகவே வெளியே துப்பப்படும். ஜெல்லிமீனும் பவளமும் கடல் சாமந்தியும் இதே ஏற்பாடுதான்: இரண்டு செல் அடுக்கு, நடுவில் மீசோக்ளியா என்ற கூழ், ஒரு குழி, ஒரு வாசல். ஹைட்ராவைப்போல் ஒட்டி நிற்கும் குழல் வடிவத்துக்குப் பாலிப் என்று பெயர். அதைக் கவிழ்த்து நடுக்கூழைத் தடிமனாக்கினால் மெடூசா, அதாவது ஜெல்லிமீன் வடிவம். ஹைட்ரா தன் வம்சத்தில் அந்த மெடூசா நிலையையே கைவிட்டுவிட்டது.

துப்பிய சக்கைதான் வளர்ப்பவரின் தினசரி வேலை. தீனி போட்டு ஆறேழு மணி நேரம் கழித்து, மிஞ்சிய குஞ்சுகளையும் சக்கையையும் அகற்றிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டை லேசாகச் சுழற்றினால் குப்பை நடுவில் கூடும், ஹைட்ராக்கள் ஒட்டிய இடத்தில் இருக்கும். அப்படியே உறிஞ்சி எடுத்துவிடலாம். இதை அன்றன்றைக்கே செய்தால் ஹைட்ரா வளர்ப்பு சுலபம்.

செய்தாலும் சில சமயம் ஒரு தட்டு முழுவதும் சோர்ந்துபோகும். ஒரு வெப்பமான வாரத்தில் என் தட்டு ஒன்றில் இது நடந்தது. முதலில் உணர்நீட்சிகளின் நுனி குமிழ் கட்டியது, பிறகு அவை குட்டையாகின, உடல் சுருங்கித் துலிப் மொட்டு வடிவத்துக்கு வந்தது, கடைசியில் கரைந்தே போனது. நீர் நஞ்சுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் இதே வரிசையைத்தான் மதிப்பெண் அட்டவணையாக வைத்திருக்கின்றன. உணர்நீட்சி குமிழ் கட்டும் கட்டத்தில் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மீளும், துலிப் ஆனபின் மீளாது. என் மற்ற தட்டுகள் பிழைத்தன. எப்போதும் ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைக்காமல் பிரித்து வையுங்கள். உடல்மேல் சின்னஞ்சிறு வட்டத் தட்டுகள் சறுக்கி ஓடினால் அது டிரைக்கோடைனா என்ற ஒற்றைச் செல் உயிர். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, மேலெல்லாம் மொய்த்தால் தனியே எடுத்துப் பலமுறை நீர் மாற்ற வேண்டும்.

மொட்டு

ஒழுங்காகச் சாப்பிட்டால் சில நாட்களிலேயே தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு புடைப்பு தெரியும். அது நீண்டு, நுனியில் உணர்நீட்சி முளைத்து, இரண்டு மூன்று நாட்களில் அடியில் இடுங்கிப் பிரிந்துவிடும். இதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், படத்திலாவது. நான் பார்க்கச் சொல்வது, பிரிவதற்கு முன்னால் தாய்க்குத் தீனி போட்டுவிட்டு மொட்டின் நிறத்தை. தாய் தின்ற ஆரஞ்சு மொட்டுக்குள்ளும் ஏறும், ஏனென்றால் இருவரின் குழியும் ஒன்றே. உணர்நீட்சி முளைத்த மொட்டு தானே இரை பிடித்துத் தின்னும். அதுவும் பொதுக் குழிக்குத்தான் போகும்.

பவளம் என்பது இந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்ட குடும்பம். மொட்டுவிட்ட பாலிப்புகள் பிரியாமல் திசுவால் இணைந்தே இருக்கின்றன, அடியில் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே போகின்றன. போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்ற நீலக் கொட்டி ஹைட்ராவின் சொந்த வகுப்பைச் சேர்ந்தது. அதுவும் பிரியாத கூட்டம்தான். மிதக்க ஒரு உறுப்பினர், தின்ன சிலர், கொட்ட சிலர் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது. நிலா ஜெல்லிமீனின் பாலிப்போ குறுக்கே அடுக்கடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு அடுக்கையும் குட்டி ஜெல்லிமீனாக நீந்தவிடுகிறது. தட்டில் தெரியும் ஒரு மொட்டை வைத்துக்கொண்டு இவ்வளவையும் யோசிக்கலாம்.

அப்புறம், வெட்டு

ஒரு நாள் பட்டினி போட்டு, வயிறு காலியான, மொட்டு இல்லாத ஹைட்ராவாகத் தேர்ந்தெடுங்கள். தட்டில் அது நீளும் வரை காத்திருந்து, புதுப் பிளேடால் நடுவில் ஒரே அழுத்து. அறுக்கக் கூடாது. காயம் சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். கால் பக்கத்துத் துண்டில் இரண்டாம் நாளை ஒட்டி உணர்நீட்சிப் புள்ளிகள் தெரியும். தலைப் பக்கத் துண்டுக்கு அடித்தட்டு அதற்கு முன்பே வந்துவிடும். மூன்று துண்டாக வெட்டினால் நடுத்துண்டு இரண்டையும் செய்துகொள்ளும், அதுவும் தலை இருந்த பக்கம் தலையாக, கால் இருந்த பக்கம் காலாக. தனியாக வெட்டிய உணர்நீட்சி மட்டும் எதுவும் ஆகாது. கொஞ்ச நாள் அசைந்துவிட்டு அழிந்துவிடும். அதன் செல்கள் பிரிவதை முன்பே நிறுத்திவிட்டவை.

கவனிக்க வேண்டியது புதிய ஹைட்ராவின் அளவு. அது சிறியதாக இருக்கும். இழந்த பாகம் புதிதாக வளர்ந்து ஒட்டவில்லை. இருந்த திசுவே தன்னை மாற்றிக்கொண்டு சின்ன முழு உடலாகிவிட்டது. பிறகு தீனி போட்டால்தான் வளரும். பல்லி வால் வளர்ப்பதோடு இதை ஒன்றாகப் பேசுவது சரியில்லை என்பது என் கருத்து. ஹைட்ராவுக்கு இது அவசர கால வேலையும் அல்ல. வெட்டாத ஹைட்ராவிலும் தண்டின் செல்கள் ஓயாமல் பிரிந்து, மேலும் கீழும் நகர்ந்து, நுனிகளில் உதிர்ந்துகொண்டும் மொட்டுக்குள் போய்க்கொண்டும் இருக்கின்றன. சில வாரங்களில் முழு உடலும் புதுச் செல்களாகிவிடும். தலை எங்கே என்ற செய்தி எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால்தான் இப்படி ஓடும் திசுவில் வடிவம் நிற்கும். வெட்டும்போது அந்தச் செய்தியை நாம் ஒருமுறை வெளிப்படையாகப் பார்க்கிறோம். 1909இல் ஈத்தல் பிரவுன் ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதித் துணுக்கை இன்னொன்றின் விலாவில் ஒட்டினார். அங்கே இரண்டாவது தலையும் உடலும் எழுந்தன. பச்சையும் நிறமற்றதுமான ஹைட்ராக்களைப் பயன்படுத்தியதால், எழுந்த உடலில் பெரும்பகுதி ஒட்டிய துணுக்கிலிருந்து வராமல் ஏற்றுக்கொண்டவரின் திசுவிலிருந்து வந்தது என்பது கண்ணாலேயே தெரிந்தது. நியூட் என்ற நீர்நிலவாழ் விலங்கின் கருவில் இதேபோன்றதைச் செய்த ஸ்பெமான், மாங்கோல்டு ஆய்வு வெளிவர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. ஒட்டும் வேலையை நான் முயலவில்லை, அதற்குக் கை நடுங்காத வயது வேண்டும்.

சாவதே இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். உயிரியலாளர் டேனியல் மார்ட்டினெஸ் 1998இல், நான்கு ஆண்டு பார்த்தும் முதுமையின் அடையாளம் இல்லை என்று எழுதினார். 2015இல் வந்த பெரிய ஆய்வு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைட்ராக்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வயது கூடியும் இறப்பு விகிதம் கூடவில்லை. ஆனால் எல்லா இனமும் அப்படி இல்லை. ஹைட்ரா ஒலிகாக்டிஸ் என்ற இனத்தைக் குளிரில் வைத்தால் விந்தகமோ அண்டகமோ உருவாகி, இனப்பெருக்கம் முடிந்ததும் உணர்நீட்சி சுருங்கி, இரை பிடிக்கும் திறன் குறைந்து பெரும்பாலானவை செத்துவிடும். ஆகவே ‘சாகா விலங்கு’ என்று தலைப்பு வைப்பவர்கள் எந்த ஹைட்ரா என்று சொன்னால் நல்லது.

பச்சை ஹைட்ரா கிடைத்தால் தனித் தட்டில் வையுங்கள். அதன் அகப்படைச் செல்களுக்குள் குளோரெல்லா பாசி குடியிருந்து சர்க்கரை கொடுக்கிறது. பவளமும் அதன் பாசியும் வைத்திருக்கும் அதே ஒப்பந்தம், பாசி வேறு. வெளிச்சத்தில் வைத்துப் பட்டினி போட்டாலும் பழுப்பு ஹைட்ராவைவிட அதிக நாள் தாங்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பழுப்பு மெலிந்து மொட்டு விடுவதை நிறுத்திவிட்டது, பச்சை இன்னும் ஒன்றிரண்டு மொட்டு விடுகிறது.

பெருகியதை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. மீன்குஞ்சுத் தொட்டியில் போடாதீர்கள், குஞ்சுகளைத் தின்றுவிடும். பிறகு அங்கிருந்து அதை ஒழிப்பது பெரும்பாடு. எடுத்த குளத்தைத் தவிர வேறு நீர்நிலையில் விடவும் வேண்டாம். யாராவது கேட்டால் ஒரு சிறு புட்டியில் பத்து ஹைட்ராவும் ஊற்று நீரும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். மிஞ்சியவற்றைக் கொதிநீரில் போட்டுவிட்டுத்தான் தட்டைக் கழுவுகிறேன்.